சாட்சி வில்லை

இந்தக் கண்ணாடி இவ்வளவு சுத்தமாக இருக்கக் கூடாது.

அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். தோன்றிய வேகத்திலேயே வெட்கமாகவும் இருந்தது. சுத்தமாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டும். முத்திரையைக் குத்திவிட்டு எழுந்து போய் டீ குடிக்க வேண்டும். குறை இல்லாததே ஒரு குறையாகப் படுகிறதென்றால் கோளாறு கண்ணாடியிலா, என்னிடமா?

விளக்கை அணைத்தாள். இருட்டு கண்ணுக்குள்ளும் ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். மறுபடி விளக்கைப் போட்டாள்.

சுவர், கூரை, மேசை எல்லாவற்றுக்கும் கறுப்புப் பூசிய சின்ன அறை. கதவுக்குப் பின்னால் இரண்டு அடுக்குக் கறுப்புத் திரை. மேசையின் ஒரு கோடியில் பெட்டிக்குள் அடைத்த விளக்கு. பெட்டியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து வெள்ளை ஒளி நூல் போல வந்து, எதிர்க்கோடியில் தொங்கும் கறுப்பு வெல்வெட்டில் விழுந்து அடங்கும். நடுவில் கண்ணாடி வில்லை நிற்கும். உள்ளங்கை அகலம், இரண்டு விரல் கனம். ஒளி ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் வெளியே வரும். அவள் வேலை அந்த ஒளியைப் பார்ப்பது அல்ல. ஒளி போகிற திசையில் நின்று பார்த்தால் ஏறக்குறைய எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான். பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒளி தன் வழியை விட்டுச் சிதறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நல்ல கண்ணாடியிலும் கொஞ்சம் சிதறும். கண் இருட்டுக்குப் பழகியதும், குளிர்ந்த காலையில் வாயிலிருந்து வரும் மூச்சைப் போல ஒரு மங்கல் தெரியும். அந்த மூச்சு இல்லாத வில்லையை அவள் இந்தத் தொழிற்சாலையில் பார்த்ததே இல்லை. இதில் இல்லை. ஒளி உள்ளே போனது, வெளியே வந்தது. நடுவில் கண்ணாடி என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை.

அவர்கள் செய்வது கொதிகலன்களுக்கான பார்வை வில்லைகள். சாயப்பட்டறையிலோ காகித ஆலையிலோ, கொதிகலனின் இரும்பு வயிற்றில் வட்டமாக ஓட்டை போட்டு இதைப் பொருத்துவார்கள். உள்ளே தண்ணீர் எவ்வளவு, நுரை எவ்வளவு என்று பார்க்க ஓர் ஆள் வந்து முகத்தை அருகில் வைப்பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொதிக்கும் தண்ணீர். இந்தப் பக்கம் அவருடைய கண்.

வார்த்த வில்லையைச் சட்டென்று குளிரவிட்டால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். ஒருநாள் தானாகத் தெறிக்கும். அதற்காகத்தான் ஆறவைக்கும் உலையில் வைத்து மெல்ல மெல்லச் சூட்டைக் குறைக்கிறார்கள். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. உருகுகிற சூட்டுக்குக் கீழே, கெட்டிப்படுகிற சூட்டுக்கு மேலே ஒரு நடுச்சூடு இருக்கிறது. அதில் வேண்டியதற்கு மேல் தங்கிவிட்டால் கண்ணாடி தனக்குள்ளேயே பிரியத் தொடங்கும். மணல் சேர்ந்தது ஒன்று, சோடாவும் வெங்காரமும் சேர்ந்தது ஒன்று. கண்ணுக்கு எட்டாத துளிகளாக, ஒன்றுக்குள் ஒன்று. இரண்டுமே தெளிவானவைதான். ஆனால் ஒவ்வொரு துளியிலும் ஒளி தடுக்கி விழும், அதிலும் நீலம் அதிகமாக விழும். பக்கத்திலிருந்து பார்த்தால் நீலப் புகை தெரியும். நேராகப் பார்த்தால் விளக்கே பழுத்த மஞ்சளாக இருக்கும்.

'நீலம் பாரிச்சிருச்சு' என்பார்கள் பட்டறையில், விஷம் ஏறிய உடம்பைச் சொல்வதுபோல. பொருத்தமான பேச்சுதான். சோடாவும் வெங்காரமும் சேர்ந்த பகுதியைச் சுடுதண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தின்றுவிடும். அப்படித் தின்னப்பட்டுத் திரும்பி வந்த ஒரு வில்லை, அவள் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே அலமாரியில் இருக்கிறது. வில்லை என்றால் பாதி வில்லை. உள்முகம் சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி இருக்கும். மறுபாதி எங்கே போனது, யார் மேல் போனது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

எல்லா வில்லையையும் இந்த அறைக்குக் கொண்டுவருவதில்லை. உலைத்தட்டு ஒவ்வொன்றிலும் மற்றவற்றோடு ஒன்றைக் கூடுதலாக வைப்பார்கள். அதற்குச் சாட்சி வில்லை என்று பெயர். அது பட்ட சூட்டைத்தான் மற்றவையும் பட்டிருக்கும். அதன் விளிம்புக்கு மட்டும் மெருகு போட்டு அவளிடம் அனுப்புவார்கள். சாட்சி சரியென்றால் தட்டு முழுவதற்கும் அவள் முத்திரை விழும். அமிலப் பசையில் தொட்டுக் குத்துகிற ரப்பர் முத்திரை. வட்டத்துக்குள் ஒரு புள்ளி. கண்ணாடியை அரித்து உட்காரும், அழியாது.

உலைக்குப் பொறுப்பு அவள் கணவர். இறுக்கம் பார்ப்பது அவர் வேலை, நீலம் பார்ப்பது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பே பிரித்துக்கொடுக்கப்பட்டது இது. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ளத்தான் அவர்களுக்கு வெகுகாலம் பிடித்தது.

கதவைத் தட்டினார்கள்.

"இருட்டறை அக்கா! உள்ள உசிரோட இருக்கீங்களா?"

மெருகுப் பட்டறையில் வேலை செய்பவள். ஓயாத வாய் என்பதால் எல்லாரும் மைனா என்று கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டிலாவது சொந்தப் பெயர் இருக்கிறதே என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். திரையை விலக்கிக்கொண்டு தலையை மட்டும் நீட்டினாள்.

"சரிதானே கேட்டு அனுப்பினாரு. முத்திரை எப்ப விழும்னு."

மேலாளருக்கு அந்தப் பெயர். எதைச் சொன்னாலும் 'அப்ப சரிதானே?' என்று முடிப்பார். இல்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"இந்தச் சாட்சி எப்ப உன்கிட்ட வந்துச்சு?"

"மத்ததெல்லாம் வண்டியில முன்னாடியே வந்துருச்சு. இது மட்டும் மறுநாள்தான். உங்க வீட்டுக்காரரே துணியில சுத்திக் கொண்டாந்து குடுத்தாரு. பச்சக் குழந்தைய தூக்கிட்டு வர்ற மாதிரி."

"ஏன் தனியா?"

"கேட்டேனே. தட்டுல ஒட்டிக்கிச்சு, எடுக்க நேரமாயிருச்சுன்னாரு. எனக்கு டீ வேற வாங்கிக் குடுத்தாரு அக்கா! இத்தனை வருஷத்துல ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கண்ணுல காட்டியிருப்பாரா?"

"உனக்குமா?" வாய் தவறி வந்துவிட்டது.

மைனா விடுவாளா? திரைக்குள் முழுசாக வந்துவிட்டாள். "உங்களுக்கு என்ன பண்ணாரு?"

"பாத்திரம் கழுவறாரு."

"அடக் கடவுளே. சொல்லாம கொள்ளாம ஒரு ஆம்பள பாத்திரம் கழுவினா, ஒண்ணு வேற பொம்பள, இல்ல வேலை போயிருச்சு. எதுக்கும் சட்டைப் பையத் தடவிப் பாருங்க."

"போடி. நாளைக்குச் சொல்றேன்னு அவர்கிட்ட சொல்லு."

"நாளைக்கா? லாரிக்குச் சொல்லியாச்சாம்."

"நாளைக்கு."

மைனா போனபின் அவள் சிரிக்க முயன்று பார்த்தாள். வேறு பெண் என்றால் கூடத் தேவலை என்று ஒரு கணம் தோன்றியதும் தன்னைப் பார்த்தே பயமாக இருந்தது.

மாலையில் அவர் மறுபடியும் பாத்திரத் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார். மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட இடது கையை நீட்டி, அதன் மேல் வலது கையால் மீன் படம் வரைந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து மாடிப்படியில் உருண்ட பிறகு அவளுக்குக் கிடைத்த புதுச் சிலேட்டு அது.

"தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்."

"நீ உக்காரு. நாள் பூரா இருட்டுல கண்ணைப் போட்டுக் கசக்கிட்டு வந்திருக்க."

இதற்கு முன் இந்த வீட்டில் யாரும் அவள் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அவள் உட்காராமல் அவர் பக்கத்திலேயே நின்றாள். முன்கையின் உட்புறம் ரோமம் பொசுங்கிச் சுருண்டிருந்தது. அதற்குக் கீழே நீளமாக ஒரு சிவந்த தடம், மருந்து தடவியது, காய ஆரம்பித்தது.

"என்ன இது?"

"இஸ்திரிப் பெட்டி."

இந்த வீட்டில் இஸ்திரி போடுவது அவள். அவருக்கு இஸ்திரிப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியுமா என்பதே சந்தேகம். அந்தத் தடத்தையே பார்த்தாள். அடுப்பு சுட்டால் விரலில் சுடும். எண்ணெய் தெறித்தால் புள்ளி புள்ளியாக இருக்கும். இது, கையுறை முடிகிற இடத்திலிருந்து தொடங்கியிருந்தது.

அவர் பால் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசி, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினார். சமையலறை ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் அந்தக் கிண்ணத்தில் குறுக்காக விழுந்தது. பால் கலங்கிய தண்ணீர், வெயில் படும் பாதையில் மட்டும் மெல்லிய நீலமாகத் தெரிந்தது. அவள் பார்த்தாள். அவரும் பார்த்தார். சட்டென்று கிண்ணத்தைச் சாய்த்துக் கொட்டிவிட்டுக் குழாயைப் பெரிதாகத் திறந்தார்.

"அம்மா அப்பாவ போலீஸ் மாதிரியே பாக்கறாங்க" என்றாள் மகள்.

"உங்கம்மா கண்ணே அப்படித்தான். எனக்கு ஒரு நரைமுடி வந்தாக்கூட எப்ப வந்துச்சு, யாரு கூட வந்துச்சுன்னு கேப்பா."

மகள் சிரித்தாள். அவளும் சிரித்தாள். அவர் சிரித்தபோது கழுத்து நரம்பு மட்டும் சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில அப்பா உன்கூட என்ன பேசினாரு?" அவள் மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எங்க பேசினாரு? படம் எடுக்கற வரைக்கும், கட்டுப் போடற வரைக்கும் போனும் கையுமா இருந்தாரு. சுருட்டை மாமாவுக்கே திரும்பத் திரும்ப அடிச்சாரு. அவரு எடுக்கவே இல்ல."

சுருட்டை என்பது உலையில் அவருக்கு அடுத்த ஆள்.

"போய் மாத்திரையப் போடு" என்றார் அவர், திரும்பாமலே.

"போட்டாச்சுப்பா."

"அப்ப பாடத்தைப் படி."

அவள் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். அன்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது அவளுக்குத்தான். இருட்டறையில், வில்லைகளை வாங்குகிற கம்பெனியின் ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண் பழகப் பழக ஒவ்வொரு வில்லையாகக் காட்டிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உலைக்குப் போன் போட்டு அவரைக் கூப்பிட்டாள். 'நீங்க போங்க. என்னால இப்ப எழுந்திரிக்க முடியாது. உடனே போங்க.' அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய்விட்டார். நல்ல அப்பா என்று அவள் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். தான் நல்ல அம்மாவா என்பதை நினைக்காமலிருக்க அது வசதியாக இருந்தது.

அன்று உலையில் இருந்த தட்டுதான் இப்போது முத்திரைக்காகக் காத்திருக்கிறது.

மறுநாள் காலை வழக்கம்போல ஸ்கூட்டரில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போனாள். பின்னாலிருந்து ஒருவரைச் சந்தேகப்படுவது சுலபம், முகம் குறுக்கே வராது. பிடரியில் புதிதாக முடி வெட்டிய இடம் வெளுத்திருந்தது. எப்போது வெட்டினார்? யாரிடம் சொன்னார்? இப்படித் தொடங்கினால் எதில் போய் முடியும் என்றும் தெரிந்திருந்தது. சந்தேகம் வந்த பிறகு எல்லாமே தடயம். பாத்திரம் கழுவினால் தடயம், கழுவாவிட்டால் இன்னும் பெரிய தடயம். இந்த மனிதர் ஒன்றும் செய்யாமலிருந்தால், இந்த இரண்டு நாளில் நான் அவருக்குச் செய்ததற்கு என்ன பெயர்?

வேகத்தடையில் வண்டி குதித்தது. தன் கை தானாக அவர் தோளைப் பிடித்ததை உணர்ந்தாள். எடுக்கவில்லை.

இருட்டறையில் மேசைக்கு அடியில் ஒரு பழைய பெட்டி கிடந்தது. உலைப்பக்கம் புதுக் கருவி வந்தபோது தூக்கிப் போட மனமில்லாமல் இங்கே கொண்டுவந்து வைத்தது. சட்டத்தில் பொருத்திய இரண்டு கருந்தாள்கள், பின்னால் ஒரு பல்பு. இறுக்கம் பார்க்கிற கருவி. தாள்களை ஒரு கோணத்தில் திருப்பினால் ஒளி அடியோடு மறைந்துவிடும். நடுவில் நன்றாக ஆறிய கண்ணாடியை வைத்தால் அப்போதும் இருட்டுதான். இறுக்கம் உள்ள கண்ணாடியை வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

தூசியைத் துடைத்தபோது திருடுவதுபோல இருந்தது. இது அவர் வேலை. இத்தனை வருடத்தில் அவர் வேலையை அவள் எட்டிப் பார்த்ததில்லை; அவள் வேலையை அவரும் பார்த்ததில்லை. பேசிவைத்துக்கொண்டது அல்ல, மரியாதையாக அப்படியே நின்றுவிட்டது.

சாட்சி வில்லையை நடுவில் வைத்தாள். பல்பைப் போட்டாள்.

வில்லை முழுக்க வண்ணங்கள். நனைந்த சாலையில் எண்ணெய் சிந்தியது மாதிரி ஊதா, மஞ்சள், பச்சை, வளையம் வளையமாக. அவற்றின் குறுக்கே கறுப்பாக ஒரு கூட்டல் குறி. வில்லையைத் திருப்பினாள். குறி அசையாமல் அவளையே பார்த்தது.

பெரிய உலையில் மெல்ல ஆறிய எந்த வில்லையும் இப்படி இருக்க முடியாது. இதை மட்டும் யாரோ எடுத்து, சோதனைக்கு வைத்திருக்கும் சின்ன உலையில் போட்டு, பிரிந்ததெல்லாம் திரும்பக் கலக்கிற அளவுக்குச் சூடேற்றி, நீலம் மறுபடி வருவதற்குள் வெளியே இழுத்துச் சட்டென்று குளிரவைத்திருக்கிறார்கள். அதனால்தான் அத்தனை சுத்தம். வில்லையைச் சாய்த்துப் பார்த்தாள். தட்டையாக இருக்க வேண்டிய முகம் லேசாகத் தளர்ந்து அலையோடியிருந்தது. நேற்று இதையும்தான் பார்த்தோம், ஏன் கண்ணில் படவில்லை? நேற்று நீலத்தை மட்டும் தேடினோம்.

இறுக்கம் வரும் என்று அவருக்குத் தெரியாதா? அந்தத் தொழிற்சாலையிலேயே அதை அவரை விட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. ஆனால் இறுக்கம் பார்க்கிற ஆள் அவர்தான். மெல்ல ஆறவைத்தால் நீலம் திரும்பிவிடுமோ என்று பயந்து அப்படியே விட்டிருக்கிறார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டாள் என்று நிச்சயமாக நம்பியிருக்கிறார். அவர் பொய் உட்கார்ந்திருந்தது அந்த மரியாதையின் மேல்.

மைனாவிடம் போய், அதே தட்டு வில்லைகளை அடுக்கி வைத்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து விளிம்புக்கு மெருகு போட்டுத் தரச் சொன்னாள். மைனா வாயைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதிசயமாக மூடிக்கொண்டாள்.

கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, ஒளி நூலின் நடுவில் அதை நிறுத்தினாள். கண் பழகக் காத்திருக்கவே தேவைப்படவில்லை. விடியற்கால வானத்தை ஒரு கீற்று வெட்டி உள்ளே செருகியதுபோல நீலம் எழுந்து நின்றது. நேராகக் குனிந்து பார்த்தாள், விளக்கு பழுத்த மஞ்சளாகத் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. கருந்தாள்களுக்கு நடுவிலும் வைத்துப் பார்த்தாள். முழு இருட்டு. துளி இறுக்கம் இல்லை. பொறுமையாக, நிதானமாக, அளவுக்கு மேல் ஆறிய கண்ணாடி.

போன் அடித்தது.

"வண்டி வந்து நிக்குதும்மா" என்றார் மேலாளர். "மதியத்துக்குள்ள குத்திருவீங்க இல்ல? அப்ப சரிதானே?"

"பாத்துட்டு இருக்கேன் சார்."

"அதான், பாத்துட்டு குத்திருவீங்க. சரிதானே?"

அவள் போனை வைத்தாள். தன் குரலில் என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்தாள். அவருக்கு முன்பே தெரியுமா? இரண்டு தடவை 'சரிதானே' கேட்டாரே? இல்லை, எப்போதும் கேட்பதுதான். இனி எதைப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும் போலிருந்தது.

சாப்பாட்டு நேரத்து மணி அடித்துப் பட்டறை அடங்கியதும் அவர் வந்தார். இந்த அறைக்கு அவர் வருவதே அபூர்வம். முதல் திரையை விலக்கி, அது விழும்வரை நின்று, பிறகு இரண்டாவதை விலக்கி, ஒழுங்கு தெரிந்த ஆளாக வந்தார். மேசையின் மேல் பழைய கருவியில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் சாட்சி வில்லை, வண்ணங்களும் கூட்டல் குறியுமாக. பக்கத்தில் ஒளி நூல் பட மற்றொன்று, நீலமாக.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வாங்குகிற கம்பெனி ஆட்கள் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எப்பத்திலிருந்து இதையெல்லாம் பாக்க ஆரம்பிச்ச?"

"இன்னிக்குத்தான்."

"மைனா எதுவும் சொன்னாளா?"

"டீ வாங்கிக் குடுத்தீங்கன்னு சொன்னா."

அவர் சிரிக்கப் பார்த்தார். "ஒரு டீக்கா இவ்வளவு பாடு."

"சுருட்டைகிட்ட உலைய ஒப்படைக்காமலா போனீங்க?"

"அவன் சாப்பிடப் போயிருந்தான். போற வழியில போன்ல சொல்லிக்கலாம்னு கிளம்பிட்டேன். போனைப் பையில போட்டு உலைகிட்டயே மாட்டிட்டுப் போயிருக்கான் மடையன். அவனா வந்து பாத்து, நான் ஏதோ காரணமாத்தான் அந்த நடுச்சூட்டுல வெச்சிருக்கேன்னு நினைச்சுத் தொடாம விட்டுட்டான். என் மேல அவ்வளவு மரியாதை." கையால் முகத்தைத் துடைத்தார். "நான் திரும்பி வந்தப்ப பொழுது சாஞ்சிருச்சு."

அவள் நீல வில்லையை எடுத்துத் துணியால் துடைத்தாள்.

"உலைய ஒப்படைக்காம போனா வேலை போயிரும். உனக்கே தெரியும்."

"தெரியும்."

"அன்னிக்குப் போங்கன்னு சொன்னது யாரு?"

இது வரும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்கூட்டரில் வரும்போதே தெரியும். 

"நான்தான்."

"இரு, ஒப்படைச்சிட்டுப் போறேன்னு நான் நின்னிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப? பிள்ளை கை ஒடிஞ்சு கெடக்கறப்ப உலை முக்கியமான்னு கேட்டிருப்ப. கேட்டிருப்பியா மாட்டியா?"

"கேட்டிருப்பேன்."

"அப்ப?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தவறு இரண்டு பேருடையது. ஒருவர் கழுத்தில் மட்டும் விழப்போகிறது. அதைத் தடுக்க ஒரு ரப்பர் துண்டு போதும்.

அவர் ஸ்டூலை அருகில் இழுத்துக்கொண்டார். குரல் தணிந்தது. "லேசான நீலம்தான்மா. பாதிப் பேர் கண்ணுக்கே தெரியாது."

"என் கண்ணுக்குத் தெரியுதே."

"உன் கண்ணைப் பத்திப் பேசாத. ஒரு வருஷம் ஓடும். அதுக்குள்ள அவங்களே மாத்திருவாங்க."

"ஒரு வருஷம் ஓடும்னு எப்படித் தெரியும்?"

அலமாரியில் இருந்த பாதி வில்லையின் பக்கம் அவர் கண் போய், உடனே திரும்பியதை அவள் பார்த்தாள்.

"மேல போய் நடந்ததச் சொல்லுங்க. நானும் கூட வர்றேன். போகச் சொன்னது நான்தான்னு சொல்றேன். எல்லாத்தையும் திரும்ப உலையில ஏத்தினா..."

"ஏத்தினா முகமெல்லாம் கோணிக்கும். திரும்ப அரைக்கணும், திரும்ப மெருகு போடணும். எதுக்குன்னு சரிதானே கேப்பாரு. சொல்லலாம். சொல்லிட்டு, ரெண்டு பேரும் கைகோத்துக்கிட்டு வீட்டுக்குப் போலாம்."

அவளுக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. நேற்றிலிருந்து நெஞ்சில் முள்ளாக நின்றுகொண்டிருந்தது அது. கேட்டால் திரும்ப எடுக்க முடியாது என்றும் தெரிந்திருந்தது.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது செஞ்சிருக்கீங்களா?"

அவர் நிமிர்ந்தார். பல்பின் வெளிச்சத்தில் முகம் பாதி தெரிந்தது. அடிபட்ட முகம். "சத்தியமா இல்ல. என்னப் பாத்து இதைக் கேக்கறியே."

நம்பலாம் போலத்தான் இருந்தது. நம்பாமலிருக்கவும் முடிந்தது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நிற்க ஓர் இடம் இருந்தது, அதுதான் கொடுமை. இத்தனை வருடமாகச் சாட்சியைப் பார்த்து அவள் குத்திய வில்லைகள் எங்கெங்கோ கொதிகலன்களின் வயிற்றில் இருக்கின்றன. அவளுடைய வட்டமும் புள்ளியும் ஒவ்வொன்றின் விளிம்பிலும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு முகம். நேற்று வரை அந்த முகங்களை அவள் நினைத்ததில்லை.

"சரி" என்றார் அவர், அவளுடைய மௌனத்தைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு. "நீ குத்த வேண்டாம். முத்திரைய எங்கிட்ட குடு. நானே குத்திக்கறேன். நீ போய் டீ குடிச்சிட்டு வா. நீ எதையும் பாக்கல. உனக்கு எதுவும் தெரியாது."

கையை நீட்டினார். உள்ளங்கை மேல்நோக்கி இருந்தது. முன்கையின் காயம் இப்போது காய்ந்து, ஓரங்களில் தோல் உரிந்திருந்தது. இன்றைக்கு மருந்து போடவில்லை என்று பார்த்ததும் தெரிந்தது. அவளுக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவே இருந்தது. பிள்ளை கை ஒடிந்து கிடந்தபோது ஒரு கேள்வி கேட்காமல் ஓடிய மனிதர். அதுவும் உண்மைதான், அதற்கும் சாட்சி அவள்தான்.

முத்திரை அவளுக்கு முன்னால் மேசையில் இருந்தது. எடுத்தாள். அவர் விரல்கள் லேசாக விரிந்தன. அவள் துணியால் அதன் முகத்தைத் துடைத்தாள், நேற்றைய பசை ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அதையும் துடைத்தாள். பசை டப்பாவை மூடித் திருகினாள். முத்திரையைத் தன் மேல்கோட்டுப் பையில் போட்டாள்.

"மாட்டேங்க" என்றாள், குழாயை மூடுங்கள் என்று சொல்கிற குரலில்.

அவர் கை இன்னும் நீண்டே இருந்தது.